வெண்கட்டிக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் நிறையை அறிய நான் எந்த டொக்டரிடமும் போகத் தேவையில்லை. நெல் மூடை நிறுக்கும் மேடைத் தராசு என் மில்லிலேயே இருந்தது. கோப்பாயில் அப்போது எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தராசு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி முழுக்க, மில் திறப்பதற்கு முன், கதவைப் பாதி சாத்திவிட்டு, செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, மடியில் கிடந்த மில் பூட்டின் திறப்புக் கொத்தையும் எடுத்துக் கீழே போட்டுவிட்டு அந்தத் தராசில் ஏறி நின்றேன். கம்பியில் ஓடும் குண்டைத் தள்ளித் தள்ளி அது எங்கே சமனாகிறது என்று பார்ப்பேன். அந்தக் கம்பியில் நானே பள்ளிக்கூட வெண்கட்டியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். குண்டு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் போனால் என் கால் போய்விடும் என்று பயந்திருந்தேன். பயம் என்று ஒன்று எனக்கு இருந்தது அந்த மாதத்தில்தான்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. பருத்தித்துறைக் கரையில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே சைக்கிளின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோப்பாய் வரைக்கும் மிதித்தவன். எண்பத்து மூன்றுக்குப் பிறகு கடலில் நினைத்தபடி இறங்க முடியாமல் போனபோது கரையில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் நிற்கவில்லை. கோப்பாயில் அரிசி, மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்தவர் கனடாவுக்குப் புறப்பட, அதை வாங்கினேன். மீன்காரனுக்கு மாவைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் அரிசி எல்லாம் கடைசியில் என் மில்லில்தான் மாவானது.

பொருளாதாரத் தடை வந்து மின்சாரமும் போன பிறகு, மண்ணெண்ணெய் இஞ்சின் வைத்திருந்த என் மில்லுக்கு முன்னால் சுற்றுவட்டாரம் முழுதும் வரிசையில் நின்றது. அந்த இஞ்சினை ஓட்டியவன் வடக்குப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவன். மண்ணெண்ணெய் தட்டுப்பட்டால் தேங்காயெண்ணெயைக் கலந்து ஓட்டிக் காட்டுவான். அவன் என்னை முதலாளி என்பான். நான் அவனைத் தம்பி என்பேன். எங்கள் சாதி ஆட்களை வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்தவர்கள், அவன் ஆட்களை ஒழுங்கைக்குள்ளேயே வரவிடாத காலம் ஒன்று இருந்தது. அதை அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

உடம்பில் வருத்தம் இருப்பது தெரிய வந்தது ஒரு செருப்புக்கடியால். வலது காலில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் கிளம்பியது. ஐப்பசியில் கிளம்பியது கார்த்திகை முடிந்தும் ஆறவில்லை. என் மனைவி சைக்கிள் கரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மானிப்பாய்க்கு விடுங்கோ" என்றாள். அங்கே வீட்டில் வைத்து மருந்து கொடுக்கும் ஒரு வயதான டொக்டர் இருந்தார். காலைப் பார்த்தார், சலத்தைச் சோதித்தார், தராசில் ஏற்றி நிறுத்தார்.

"உமக்குச் சலரோகம், சீனி வருத்தம்" என்றார். "எத்தினை வருஷமா கிடக்கோ தெரியாது."

"எனக்கோ? நான் இண்டுவரைக்கும் ஒரு குளிசை போட்டதில்லை டொக்டர்."

"போடாததாலைதான் இஞ்சை வந்து நிக்கிறீர்." அவர் என் வயிற்றைப் பார்த்தார். "ஊர் முழுக்கச் சைக்கிள் உழக்கி எலும்பாப் போச்சுது. உமக்கு மட்டும் உது எங்காலை வந்தது?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "மில்லிலை கதிரையிலை இருக்கிறார். வாறவை எல்லாம் பலகாரத் தட்டோடை வருகினம்."

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கவனமாக் கேளும். குளிசை இப்ப கொஞ்சம் கிடக்கு. நிறை குறைஞ்சா உதோடை சமாளிக்கலாம். கூடினா ஊசி போடவேணும். ஊசி மருந்து எப்ப வரும் எண்டு எனக்கே தெரியாது. வந்தாலும் குளிர்ப்பெட்டி வேலை செய்யிற வீடு ஒண்டும் இல்லை. சீனியைத் தொடாதேயும், உடம்பை அசையும். பொங்கல் முடியக் காட்ட வாரும். இண்டைக்கு இருக்கிற நிறையிலும் குறைஞ்சு வாரும். நான் உம்மடை காலுக்காகத்தான் சொல்லுறன்."

பருத்தித்துறையில் என்னோடு மீன் ஏற்றிய ஒருவருக்கு முதலில் போனது பெருவிரல். பிறகு பாதம், பிறகு முழங்கால். அவருக்கும் தொடக்கம் செருப்புக்கடிதான். திரும்பி வரும் வழியில் அவர் ஞாபகம்தான். சைக்கிளை மிதிக்கும்போது என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மனைவி பின்னால் இருந்து, "றோட்டைப் பாருங்கோ" என்றாள்.

ஒரு கட்டளை மட்டும் அவளுக்குப் போட்டேன். இது வெளியில் ஒரு மனிதருக்கும் தெரியக்கூடாது.

"ஏன்? களவெடுத்தனீங்களோ?"

"வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சா ஆர் தட்டுக் கொண்டுவரப் போகினம்?"

"வராட்டி நல்லதுதானே."

அவளுக்கு அது விளங்காது என்று நினைத்தேன். விளங்கப்படுத்துவதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

மீன் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்த காலத்தில், எந்தப் படலைக்கும் உள்ளே நான் கால் வைத்ததில்லை. தண்ணீர் கேட்டால் கையில்தான் ஊற்றுவார்கள். ஊரில் பெரிய கல்வீடு ஒன்று, அதில் ஒரு வாத்தியார் குடும்பம். கிழமையில் நாலு நாள் என்னிடம்தான் மீன். நல்ல வாடிக்கை என்று என் அம்மா ஒரு பொங்கலுக்கு அவர்களுக்கென்று மோதகம் அவித்து, வாழையிலையில் பொதி செய்து தந்துவிட்டார். வாத்தியார் சிரித்த முகத்தோடு வாங்கினார். "வீட்டிலை எல்லாரும் சாப்பிடுவம்" என்றும் சொன்னார். ஊரைச் சுற்றி மீன் விற்று அதே ஒழுங்கையால் திரும்பி வந்தபோது, வேலி ஓரத்தில் அவர்களுடைய மாடு, தவிட்டுத் தொட்டிக்குள் வாழையிலையோடு சேர்த்து எதையோ மென்றுகொண்டு நின்றது. கட்டியிருந்த வாழைநார் அவிழ்க்கப்படவும் இல்லை.

அம்மாவிடம், நல்ல ருசி என்று சொன்னார்கள் என்றேன்.

இப்போது அதே வீட்டிலிருந்து மில்லுக்குத் தட்டு வந்தது. மார்கழி பிறந்தால் திருவெம்பாவைக்கு அரிசி மா, கிறிஸ்தவ வீடுகளின் நத்தாருக்குப் பலகார மா, இங்கிலீஷ் வருஷப்பிறப்புக்கு வறுத்த உழுத்தம் மா, பொங்கலுக்குப் பயற்றம் மா என்று எல்லாம் என் மில்லில்தான். வரிசையில் முந்திக்கொள்ளவோ, நன்றிக்கோ, வீட்டுக்கு வீடு ஒரு தட்டு வந்துவிடும். முறுக்கு, சிப்பி, அரியதரம், பயற்றம் உருண்டை. கொண்டு வந்தவர் பார்த்துக்கொண்டு நிற்க, தட்டிலிருந்து எடுத்து அவர்கள் கண்ணுக்கு முன்னால் தின்பேன். மற்ற வீட்டுத் தட்டில் ஒன்று. வாத்தியார் வீட்டுத் தட்டில் ஆறுதலாக நாலைந்து. என் வயிறு அப்படி வந்த வயிறு. அதைக் குறை என்று ஒரு டொக்டர் சொன்னால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

என்றாலும் நான் எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவன் இல்லை. உடம்பை அசை என்றார், அசைத்தேன். எங்கள் வளவுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பம்பி எண்ணெய் இல்லாமல் தூங்கிக் கிடந்தது. பழைய துலாவை இறக்கி, அச்சுக்கு எண்ணெய் பூசி மறுபடியும் பூட்டினேன். துலா மிதிப்பது எல்லோராலும் முடியாது. மேலே பனைமரத் துலாவில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். நடக்க நடக்கத் தண்ணீர் அள்ளும் பட்டை கிணற்றுக்குள் இறங்கி ஏறும். காலை வெயில் ஏற முன் நான் மேலே மிதிக்க, மனைவி கீழே நின்று பட்டையைப் பிடித்து மரவள்ளிக்கும் கத்தரிக்கும் தண்ணீர் விடுவாள்.

"மெல்ல நடவுங்கோ" என்பாள். "துலா முறிஞ்சா போட வேறை மரம் இல்லை."

"நான் விழுந்தா?"

"நீங்கள் விழுந்தா கிணத்திலை தண்ணி மிஞ்சாது."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க மிதித்தேன். சைக்கிளிலும் முன்னைப்போல ஆட்களைக் கொண்டு உழக்குவிக்காமல் நானே உழக்கினேன். ஒரு கிழமையில் குண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஊரிலை இந்த வயசிலை துலா மிதிக்கிற ஒருத்தனைக் காட்டு பாப்பம்" என்று கேட்டேன். அவள் காட்டவில்லை.

அந்த நாட்களில் ஒரு விடியலில் இஞ்சின்காரன் நேரத்தோடு வந்துவிட்டான். நான் அவசரமாகத் தராசிலிருந்து இறங்கினேன். அவன் கம்பியைப் பார்த்தான்.

"உந்தக் கோடு என்னத்துக்கு முதலாளி?"

"தராசு பிழைக்குது போலை கிடக்கு தம்பி. அதுதான் ஒரு அடையாளம் வச்சுப் பாக்கிறன்."

"ஓமோ" என்றான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

திருவெம்பாவை தொடங்கியது. விடிய முன் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். பின்னால் அவல், கடலை, மோதகம். மில்லில் தட்டுகள் வரத் தொடங்கின. நான் பயப்படவில்லை. டொக்டர் சொன்னது சீனி. சீனி அப்போது ஊரில் எங்கே இருந்தது? தடையில் வராமல் போன சாமான்களில் அதுவும் ஒன்று. வந்த பலகாரம் எல்லாம் பனங்கட்டியில் செய்தவை. பனங்கட்டி எங்கள் மரத்துச் சாமான். பயற்றம் உருண்டையும் பனங்கட்டி, எள்ளுருண்டையும் பனங்கட்டி, தேத்தண்ணீருக்கும் கையில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. கப்பலில் வந்த சீனிதான் வருத்தம் தரும், எங்கள் பனை என்ன செய்யும் என்று நம்பினேன். அப்படி நம்பினவன் நான் மட்டும் இல்லை. என்னை விட நாலு எழுத்துக் கூடப் படித்தவர்களும் அந்தக் காலத்தில் அப்படித்தான் கதைத்தார்கள். காலையில் துலா, பகலில் பயற்றம் உருண்டை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

வருஷப்பிறப்புக்கு அடுத்த நாள் தராசில் ஏறினேன். குண்டு கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. இறங்கி ஏறினேன். சேட்டைக் கழற்றிவிட்டு ஏறினேன். வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. கால் விரலைப் பார்த்தேன். செருப்புக்கடி முக்கால்வாசி ஆறியிருந்தது. அந்தக் கால்வாசியைத்தான் நெடுநேரம் பார்த்தேன்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"துலாவும் மிதிக்கிறன், சீனியும் தொடுறேல்லை. பேந்து ஏன் கூடுது?"

"பயற்றம் உருண்டை?"

"அது பனங்கட்டியெல்லோ."

அவள் குசினியிலிருந்து ஒரு பனங்கட்டிக் குட்டானைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "நக்கிப் பாருங்கோ. புளிக்குதோ?"

நக்கிப் பார்த்தேன்.

"டொக்டர் சீனி எண்டு சொன்னது இனிப்பை. விசரே உங்களுக்கு?"

அதற்குப் பிறகு தட்டு வந்தால் ஒரு வித்தை செய்தேன். ஒரு கடி கடித்து, மிச்சத்தைக் கையில் வைத்துக் கதைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆள் திரும்பியதும் சேட்டுப் பைக்குள் போட்டேன். அரியதரத்து எண்ணெய் பையில் ஊறி, நெஞ்சில் பெரிய வட்டமாகப் படிந்தது. மா அரைக்க வந்த ஒரு மனிசி, "முதலாளிக்கு இருதயம் கரையுது" என்று சொல்லி வரிசையையே சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். பாதி கடித்தாலும் பாதி உள்ளே போகிறதே என்றுதான் மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு முன் வந்த நாட்களில் ஒன்று. மில்லுக்குள் நிற்க இடம் இல்லை. இஞ்சின் ஓடும் சத்தத்தில் வானத்துச் சத்தம் கேட்காது. அதனால் வாசலில் எப்போதும் ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கம். அவர் கையைக் காட்டியதும் இஞ்சின்காரன் இஞ்சினை நிற்பாட்டினான். பொம்பர் விமானம் இரையும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மில்லுக்குப் பின்னால் பங்கர், பதுங்குகுழி. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூடை போட்டு நானே முன்நின்று வெட்டுவித்தது. ஊரில் அதைவிடப் பலமான பங்கர் கிடையாது. வாசல் சின்னதாக இருந்தால்தான் சிதறல் உள்ளே வராது என்று சின்னதாக வைக்கச் சொன்னவனும் நான்தான்.

பெண்கள் எல்லோரும், மேலே பார்த்துக்கொண்டு நின்றவரும் இறங்கினார்கள். பிறகு நான் இறங்கினேன். இடுப்புக்கு மேல் இறங்க முடியவில்லை. வயிறு பனங்குற்றியில் பிடித்துக்கொண்டது. கால் உள்ளே தொங்குகிறது, நெஞ்சும் தலையும் வெளியே நிற்கிறது. எனக்குப் பின்னால் வெளியில் நின்றது இஞ்சின்காரன் ஒருவன்தான்.

"நீ ஓடித் தென்னைக்குக் கீழை படு" என்றேன்.

அவன் போகவில்லை. என் இரண்டு தோளிலும் கையை வைத்து அமத்தினான். "முதலாளி, மூச்சை விடுங்கோ. மூச்சைப் பிடிச்சா இன்னும் இறுகும். விடுங்கோ மூச்சை."

விட முடிந்தால்தானே. பொம்பர் பதிந்து வரும் சத்தம் கேட்டது. அவன் என் மேல் முழுப் பாரத்தையும் போட்டுக் குனிந்தான். எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்தது. நிலம் ஆடிய ஆட்டத்தில் மூச்சு தானாகப் போனது. நானும் சறுக்கி உள்ளே போய் விழுந்தேன். அவன் எனக்கு மேல் வந்து விழுந்தான்.

எல்லாம் ஓய்ந்து வெளியே வந்தபோது இருதயம் கரையுது என்ற அந்த மனிசி, "முதலாளிக்கெண்டு தனியா ஒரு வாசல் வெட்டவேணும்" என்றாள். எல்லோரும் பயம் தெளிந்த சிரிப்புச் சிரித்தார்கள். இஞ்சின்காரன் சிரிக்காமல் முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு போய் இஞ்சினை மறுபடியும் இயக்கினான். எனக்கு அவன் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. அது வெளியில் கிடந்தது என் வயிற்றால்.

இனிப் பொங்கல் முடிந்து டொக்டரைக் காணும் வரைக்கும் வெளியில் ஒரு வாயும் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அவித்த முருங்கையிலை, குரக்கன் பிட்டு, வெறுந்தேத்தண்ணீர். தட்டு வந்தால், "வைச்சிட்டுப் போங்கோ, பேந்து சாப்பிடுறன்" என்றேன். துலாவை இரண்டு நேரமும் மிதித்தேன். குண்டு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. சில நாள் இந்தப் பக்கம், சில நாள் அந்தப் பக்கம். ஒரு நாள் துலா மிதிக்காமலே நன்றாகக் குறைந்திருந்தது. அடுத்த நாள் பட்டினி கிடந்தும் கூடியிருந்தது. பட்டினி கிடந்து கூடுகிற வருத்தம் எது என்று கேட்க ஆளும் இல்லை.

பொங்கல் அன்று இஞ்சின்காரன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவன் மண்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்து புதிதாகக் கட்டிய வீட்டில் முதல் பொங்கல். "முதலாளி வந்துதான் முதல் கை வைக்கவேணும்" என்று ஒரு கிழமைக்கு முன்பே சொல்லியிருந்தான். முற்றம் மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். அவன் மனைவி புதுப் பாயை விரித்து, தலைவாழையிலையைத் தண்ணீர் தெளித்து வைத்தாள். ஆவி பறக்கப் புக்கை. பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டு இறுக்கிய புக்கை. இந்தப் பஞ்சத்தில் அதற்கு எங்கே எல்லாம் அலைந்தார்களோ தெரியாது.

நாளை மறுநாள் மானிப்பாய். எனக்குக் கண்ணில் தெரிந்தது பங்கர் வாசலும் சுண்டுவிரலும்தான்.

"எனக்கு வயிறு சரியில்லை பிள்ளை" என்றேன்.

"ஒரு வாய் போடுங்கோ ஐயா."

"இல்லைப் பிள்ளை, ஏலாது."

"அப்ப ஒரு தேத்தண்ணியாவது?"

"அதுவும் வேண்டாம். எப்பன் கட்டித் தாங்கோ, வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுறன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கிடுகு வேலியைப் பார்த்தான். அவள் இலையில் கிடந்ததை அப்படியே மடித்து, மூலை பிசகாமல் பொதி செய்து, வாழைநாரால் கட்டினாள். அவன் அதை வாங்கி என் சைக்கிள் கரியரில் வைத்துக் கொழுவினான்.

"நாளைக்குப் பட்டிப் பொங்கல்தானே முதலாளி" என்றான், குரலை உயர்த்தாமல். "மாட்டுக்கு வைக்க உதவும்."

நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். ஒழுங்கை முடக்கு வரைக்கும் போன பிறகுதான் அவன் சொன்னது காதுக்குள் இறங்கியது. சைக்கிளை நிற்பாட்டினேன். பொதியில் கை வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது. கட்டியிருந்த வாழைநாரைப் பார்த்தேன். எங்கள் அம்மா கட்டியதும் இப்படித்தான் இருந்தது.

அப்படியே நின்றேன். வீட்டுக்குப் போனால் கால் தப்பும். திரும்பிப் போனால் இந்த மாதம் முழுக்கப் பட்ட பாடு வீண். ஒரு பிடி புக்கையில் கால் போகாது என்று ஒரு மனம் சொல்லும். பயற்றம் உருண்டைக்கும் நீ இப்படித்தான் சொன்னாய் என்று மற்ற மனம் சொல்லும். கடைசியில், பங்கர் வாசலில் என் தோளை அமத்திய இரண்டு கையும்தான் ஞாபகம் வந்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மண்ணில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, பொதியை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தேன். நல்ல ருசி. இது பொய் இல்லை.

"என்ன முதலாளி, வயித்துக்கு சுகமோ?" என்றான் அவன். குரலில் இன்னும் முள் இருந்தது.

"வயித்திலை ஒண்டும் இல்லை. எனக்குச் சலரோகம். குறையாட்டிக் கால் போயிடும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இரண்டாவது பிடிக்குக் கையை வைத்தேன். இலை அங்கே இல்லை. அவன் மனைவி அதை இழுத்து எடுத்திருந்தாள்.

"பேந்தேன் சாப்பிடுறியள்? உங்களுக்கு விசரோ ஐயா?"

என் மனைவி கேட்ட அதே கேள்வி. ஊரில் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் கேட்டார்கள்.

இஞ்சின்காரன் என் முன்னால் குந்தினான். "அப்ப தராசிலை கீறின கோடு உதுக்கோ?"

"ஓம்."

அவன் தலையில் கை வைத்தான். "ஐயோ முதலாளி. நீங்கள் தராசு பிழைக்குது எண்டு சொன்னனீங்கள். நான் ரெண்டு தரம் பக்கத்து ஆணியை முறுக்கித் திருத்தினனான். பேந்தும் நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிண்டியள், திருப்பியும் முறுக்கினனான்."

பட்டினி கிடந்து நிறை கூடிய வருத்தம் அதுதான். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. புதுப் பயம்தான் வந்தது. அப்படியென்றால் நான் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன்? ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் விடிய அவனே வந்து மில் கதவை அகலத் திறந்தான். இரும்புப் படிக்கற்களை வைத்துத் தராசைச் சரி பார்த்தான். வெண்கட்டிக் கோட்டை ஈரத் துணியால் துடைத்தான். பிறகு என்னை ஏறச் சொன்னான். நான் பழக்கத்தில் வயிற்றை எக்கினேன்.

"மூச்சை விட்டிட்டு நில்லுங்கோ முதலாளி."

விட்டேன். குண்டைத் தள்ளினான். எண்ணைச் சொன்னான். அந்த எண் நல்லதோ கெட்டதோ என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மானிப்பாய்த் தராசு என்ன சொன்னது என்று நான் அன்றைக்குப் பயத்தில் கேட்கவே இல்லை. கோடு கீறியது வந்த அன்று என் தராசில் ஏறி நின்றுதான். அன்றும் தராசு சரியோ, யார் கண்டார்.

மறுநாள் மானிப்பாயில் அந்த டொக்டரின் தராசில் மூச்சை விட்டுவிட்டு ஏறி நின்றேன். அவர் போன முறை எழுதி வைத்ததையும் முள் காட்டியதையும் மாறி மாறிப் பார்த்தார். காலைப் பார்த்தார். சலத்தைச் சோதித்தார். அவர் வாய் திறப்பதற்குள் என் பிராணன் போய் வந்தது.

"எப்பன் குறைஞ்சிருக்கு" என்றார். "பெரிசா இல்லை. இப்போதைக்குக் குளிசை காணும். சித்திரை வருஷத்துக்கு முதல் ஒருக்கால் வாரும். வருஷப் பலகாரத்துக்கு முதல்."

திரும்பி வரும்போது கோப்பாய் எல்லைக்குள் கால் வைத்ததும் முதல் படலையிலேயே மறித்தார்கள். "டொக்டர் என்னவாம்?" அடுத்த படலையிலும் அதே கேள்வி. இஞ்சின்காரன் பெண்சாதி பட்டிப் பொங்கலுக்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். மீன் பெட்டியோடு நான் கூவித் திரிந்த ஒழுங்கையில் ஒவ்வொரு படலையாகச் சைக்கிளை நிற்பாட்டி, என் சலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டிலும் ஒரு சொட்டுத் தேத்தண்ணீர் தரவில்லை. தந்தால் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்வீட்டுப் படலையில் வாத்தியார் நின்றார். நன்றாக நரைத்துப் போயிருந்தார். நான் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, காலை மட்டும் ஊன்றினேன்.

"காலுக்கு ஒண்டும் இல்லையாமோ?"

"இப்போதைக்கு இல்லையாம், வாத்தியார்."

"அப்ப சித்திரைக்கு உமக்கு எங்கடை வீட்டுத் தட்டு வராது."

"அனுப்புங்கோ" என்றேன். "நான் தின்னாட்டிலும் என்ரை மாடு தின்னும்."

அவர் சிரித்தார். விளங்கித்தான் சிரித்தாரோ தெரியாது. நானும் சிரித்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். சித்திரைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனம் அப்போதே எண்ணத் தொடங்கியிருந்தது. செருப்புக்குள் சுண்டுவிரல் இலேசாகக் கடித்தது. மில்லில் இஞ்சின் ஓடும் சத்தம் முடக்கிலேயே கேட்டது.